சாய்வெட்டு

அறுப்பின் பண்டிகைக்கு
ஒரு கட்டு லீக்ஸ்.
விடியுமுன் பிடுங்கியது, வேரில் மண் உதிரவில்லை.
கந்தப்பளைச் சந்தையில் போட்டிருந்தால்
ஆயிரத்துக்குக் குறையாது என்று
நடக்கும்போதே ஒரு கணக்கு.
கர்த்தர் என் கணக்குகளை அறிவார்,
அவருக்குப் பழக்கம்தான்.

பனிக்குள் கோவில் வெறும் மணியோசையாக இருந்தது.
உள்ளே பீடத்தடியில் பூசணி, நோகோல்,
யாரோ காலைக் கட்டிவைத்த சேவல்.
போதகர் புதியவர், மட்டக்களப்புப் பக்கம்.
அங்கிக்கு மேல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சொன்னார்:
படைக்க வந்த கை
பாதியில் நின்று திரும்பவேண்டிய நாளும் உண்டு.
சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கலா,
காணிக்கை காத்திருக்கும், நீ போ.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மனத்தாங்கல் எனக்கல்லவா?
சாலமோனின் ஆட்டோவுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தவன் நான்.
தவணை கட்டாமல் தம்பி கொழும்புக்கு ஓடிய மாதம்
லீசிங்காரர்கள் நின்றது என் வாசலில்.
சினைப்பசுவைக் கயிற்றோடு கொடுத்தேன்.
அவன் திரும்பி வந்தும்
ஏழாம் லயத்தில் ஒரே சுவருக்கு
அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
சுவர் கூரை வரை போகாது.
அவர்கள் தாளிப்பு என் கண்ணைக் கரிக்கும்,
என் வானொலிச் செய்தியை அவன் கேட்பான்,
பேச்சு மட்டும் தாண்டாது. ஒன்பது வருஷம்.

இவ்வளவையும் ஒப்புவிக்கத் தயாராகத்தான் இருந்தேன்.
உனக்கு அவன்மேல் என்ன என்று
யாரும் கேட்கவில்லை.
அவனுக்கு உன்மேல் என்ன,
அதுதான் கேள்வி.

அந்தப் பேரேட்டை நான் திறந்ததே இல்லை.

அவன் கொழும்பில் இருந்த ஒரு ராத்திரி
பெனிட்டாவுக்கு இழுப்பு.
மூச்சுக்கு அந்தப் பிள்ளை போராடியதைச்
சுவருக்கு மேலாகக் கேட்டபடி படுத்திருந்தேன்.
தலைமாட்டில் டார்ச் இருந்தது.
லொறிக்காரன் என் சிநேகிதன்.
ரெபேக்கா பிள்ளையைத் தோளில் போட்டு
இருட்டில் இறங்கிய காலடிகளை எண்ணினேன்,
பிறகு புரண்டு படுத்தேன்.
பிள்ளை பிழைத்தது, என் தயவில் அல்ல.

அடுத்தது, பீலி காய்ந்த பங்குனி.
ஓடையிலிருந்து அவன் இழுத்த தண்ணீர்க் குழாய்.
கவ்வாத்துக் கத்தி. ஒரே வீச்சு.
காலையில் பன்றி கடித்ததென்று லயமே பேசியது.
நானும் பேசினேன்.

லீக்ஸை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினேன்.
பரிசுத்த ஆவி நடத்தினார் என்று
பெரிதாகச் சொல்லமாட்டேன்.
பாதை இறக்கம், கால்கள் போயின.

சாலமோன் கூரைத் தகரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தான்.
இறங்கவில்லை.
"கொழாய வெட்டுனது நான்தான்."
"தெரியும்."
ஒரு கல்லை நகர்த்தி வைத்தான்.
"பன்னி கடிச்சா பிஞ்சிருக்கும். அது சாய்வெட்டு.
கத்திய நீதான் அப்பிடிப் புடிப்ப."

இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது.
கணக்கப்பிள்ளையிடம் போகவில்லை,
லயத்தில் ஒருவர் காதிலும் போடவில்லை.
அது மன்னிப்பா, வெறும் அசதியா,
நான் கேட்கவில்லை.

ரெபேக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
இழுப்பு ராத்திரியைச் சொல்ல வாயெடுத்தேன்,
ஆவி மட்டும் வந்தது.
அவள் நின்ற நிலையில் தெரிந்தது,
டார்ச்சை அவள் மறக்கவில்லை.
ஆட்டோக் காசைப் பற்றியும் பேச்சில்லை.
அந்தந்தக் கடன் அங்கங்கே நிற்கிறது.

ஏறித் திரும்பியபோது ஏலம் முடிந்திருந்தது.
படியில் கொஞ்சம் மண்.
யாரோ லீக்ஸை உள்ளே எடுத்து வைத்து
யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.
எவ்வளவுக்கு என்று விசாரிக்கவில்லை.

அன்றிரவு பனிக்காற்றில் எனக்கு இருமல்.
நிற்பதாயில்லை.
சுவருக்கும் கூரைக்கும் நடுவே, இருட்டில்,
ரெபேக்காவின் குரல்:
"சுடுதண்ணி வேணுமா?"